என்னத்தில வந்தனீங்கள்?

போன கிழமை ஜீப்பை வேப்பமரத்துக்குக் கீழே விட்டுவிட்டு வந்தோம். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. வெள்ளை நிறம். ஏறுவதற்கென்று பக்கத்தில் தனியாக ஒரு படி. துணுக்காயில் பரமலிங்கத்தாரின் வீட்டு வளவுக்குள் அது வந்து இரண்டு மாதமாகிறது. இந்த இரண்டு மாதத்தில் அது ஓடியதைவிட அவர் மனைவி விமலேஸ்வரி அதைத் துணியால் துடைத்ததுதான் அதிகம். டீசலை அது குடிக்கிற குடிக்குப் பயந்து, சந்திக்குக்கூட மனுசன் சைக்கிளில்தான் போய் வருகிறார்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜீப்பை வாங்கிக் கொடுத்தவன் கனடாவில் இருக்கிற மகன் தயாபரன். மகள் சிவதர்சினி கொக்கிளாயில் இருக்கிறாள். அங்கே கடற்தொழில் செய்கிற தோமஸின் மகன் டினோஜனைக் கலியாணம் முடித்து நாலு வருடம். நாலு வருடமாகத் தாய்வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. மதம்தானே காரணம் என்று ஊர் கதைக்கும். இல்லை. காரணம் ஒரு கேள்வி.

எங்கள் பக்கத்தில் அதைக் கேள்வியென்று எவரும் நினைப்பதே இல்லை. செத்தவீடோ கலியாணவீடோ, படலையைத் திறந்து ஆள் உள்ளே வந்ததும், தண்ணீர் கொடுக்க முதலே வாயில் வந்துவிடும். “என்னத்தில வந்தனீங்கள்?” பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா, வானா? பதிலைக் கேட்டபிறகுதான் பிளாஸ்ரிக் கதிரையா மெத்தைக் கதிரையா என்று முடிவாகும். நானும் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள், மறைக்கவேண்டாம்.

பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. சிவதர்சினி டினோஜனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர். வாசலில் நின்ற விமலேஸ்வரி வழக்கம்போலக் கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கத் தெரியாதவன்.

“மீன் லொறியில அன்ரி. பஸ் ஒண்டும் ஓடேல்லை.”

வீடே சிரித்தது. முதலில் எழும்பிய சிரிப்பு விமலேஸ்வரியுடையது. சிவதர்சினி தாயின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கொக்கிளாயில் அவர்களுடைய பிள்ளை நிதர்சனாவுக்கு ஞானஸ்நானம். வரச்சொல்லி அழைத்தது மகள் இல்லை, மருமகனின் தாய் புனிதம். “பிள்ளை கேக்க வெக்கப்படுகுது, அதுதான் நான் எடுத்தனான். கட்டாயம் வாங்கோ,” என்று அவா போனில் சொன்னதைப் போன கிழமை பார்த்தோம். எட்டு மாதப் பேத்தியை விமலேஸ்வரி இன்னும் ஒருதரம்கூடத் தூக்கவில்லை. போனில் படம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

விடிய எழும்பிக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பேத்திக்குச் செய்வித்த காப்புச் சோடியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், முற்றத்தில் கானை வைத்து ஜீப்புக்கு டீசல் ஊற்றிக்கொண்டு நின்ற புருசனைக் கண்டாள்.

“இஞ்சருங்கோ, பஸ்ஸில போவமே?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? மாங்குளத்தில மாறி, முல்லைத்தீவில மாறி, நீ போய்ச் சேர பின்னேரமாகும். வீட்டில ஜீப்பு நிக்கேக்க பஸ்ஸிலயோ?”

“அண்டைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது நான். இண்டைக்கு இதில போய் நானே இறங்கினா அவள் என்ன நினைப்பாள்? இதுக்காகத்தான் காத்திருந்து வந்தனாங்கள் எண்டு நினைக்கமாட்டாளோ?”

பரமலிங்கத்தார் கானின் கடைசிச் சொட்டையும் விழுத்தி மூடியைத் திருகினார். “முல்லைத்தீவு தாண்டினாப் பிறகு பாப்பம். இப்ப ஏறு.”

ஏறும்போது விமலேஸ்வரியின் கண் பழக்கத்தில் பக்கத்து வேலிக்குப் போனது. அந்த வேலியில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. இருபது வருடமாக இரஞ்சிதம் அந்தப் பொட்டால் குனிந்து வருவாள். தேங்காய்ப்பாதி கேட்டு வருவாள், கதை சொல்ல வருவாள், ஒன்றுமில்லாமலும் வருவாள். ஜீப்பு வந்த கிழமை, “இனி உங்களுக்கு எங்களைத் தெரியுமோ?” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த கிழமை அந்தப் பொட்டுக்கு ஓலை வைத்துக் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய வாகனம் நிற்கிற வளவுக்குள் பகல் முழுக்க ஒரு மனுசக்குரல் கேட்காது.

மல்லாவி தாண்டியாயிற்று. மாங்குளத்தில் பரமலிங்கத்தார் தொடங்கினார்.

“எல்லாம் உன்ர வாயால வந்தது. அண்டைக்கு நீ கேக்காமல் விட்டிருந்தா மகள் போயிருக்கமாட்டாள். மகள் போனபடியால நீ அழுதாய். அழுதபடியால அவன் இதை வாங்கித் தந்தான்.”

“நான் ஜீப்பு கேட்டு அழுதனானோ?”

“வாகனம் இல்லாத வீட்டுக்கு ஆர் வருவினம் எண்டு தம்பிக்குச் சொன்னது ஆர்?”

விமலேஸ்வரி கைப்பையைத் திறந்து காப்புச் சோடியைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னவள் அவள்தான். தனிமையில் எதையாவது சொல்லத்தானே செய்கிறோம். மகன் அதைப் பெரிதாக எடுப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“அவன் அங்க பஸ்ஸில வேலைக்குப் போறான்,” என்றாள்.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. போன மாசம் அனுப்பின படத்தில பின்னால பஸ் தரிப்பிடம். தலையெல்லாம் பனி. கேட்டன், சும்மா நிண்டனான் எண்டான். எங்களுக்கு இதை வாங்கித் தந்துபோட்டுத் தான் பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிறான். என்னால வரேலாது அம்மா, ஒரு வாகனமாவது வளவுக்குள்ள நிக்கட்டும் எண்டவன்.”

பரமலிங்கத்தார் கண்ணாடிக்கு வெளியே வீதியைப் பார்த்தார்.

முள்ளியவளை தாண்டியதும் ஸ்ரேறிங்குக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது.

“உதென்ன வெளிச்சம்?”

“கதவு வடிவாச் சாத்துப்படேல்லை. திறந்து அடி.”

அவள் திறந்து அடித்தாள். வெளிச்சம் போகவில்லை. இன்னொருதரம் அடித்தாள். மூன்றாந்தரம் அடித்த அடிக்கு வீதியில் போன மாடு திரும்பிப் பார்த்தது. வெளிச்சம் அப்படியே நின்றது.

அவரைக் குறைசொல்லி என்ன பயன்? நாற்பது வருடமாக உழவு மெசினோடு வாழ்ந்த மனுசன். மெசினில் டீசல் காட்டுகிற ஊசியும் இல்லை, சிவப்பு வெளிச்சமும் இல்லை. ஒரு கான் டீசல் ஊற்றினால் காலையிலிருந்து பொழுதுபடும்வரை வயல் உழலாம், அதுதான் அவருடைய கணக்கு. ஜீப்புக்கும் ஒரு கான் ஊற்றியிருந்தார். பொழுதுபட இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

முல்லைத்தீவில் பெற்றோல் செட்டைக் கண்டதும் ஒரு சந்தேகம் வந்து வேகத்தைக் குறைத்தார்.

“மினக்கெட நேரமில்லை,” என்றாள் விமலேஸ்வரி. “பத்து மணிக்குப் பூசை. வரேக்க பாப்பம்.”

அந்தப் பழி அவளுக்கு. நான் இரண்டு பக்கமும் எழுதிவிடுகிறேன்.

அளம்பில் தாண்டி, நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட ஜீப் இரண்டுதரம் குலுங்கி நின்றது. ஒரு பக்கம் களப்பு, மற்றப் பக்கம் பற்றைக்காடு. பரமலிங்கத்தார் இறங்கினார், முன்மூடியைத் திறந்தார், உள்ளே இருந்த எதுவும் விளங்காமல் மூடினார். பிறகு டீசல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“முடிஞ்சுது,” என்றார்.

“என்னது?”

“டீசல்.”

விமலேஸ்வரி மணியைப் பார்த்தாள். பத்தாகப்போகிறது. கைப்பைக்குள் காப்புச் சோடி கிடந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஆர் கேட்டது இந்த ஜீப்பை? கடவுளே, ஆர் கேட்டது?”

“நான்தான் கேட்டனான்.”

அவள் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள்.

பரமலிங்கத்தார் ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். மனுசிக்கு முகத்தைக் காட்டாமல் களப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீ அழுதது வேற. அதுக்கு அவன் ஒரு ஓட்டோ வாங்கித் தாறன் எண்டுதான் நிண்டவன். நான்தான் உனக்குத் தெரியாமல் எடுத்துக் கேட்டனான், வயல் ரோட்டு சரியில்லை, ஜீப்புதான் தம்பி சரிவரும் எண்டு. வயல் ரோட்டுக்கு என்ன குறை? சைக்கிள் போகுதுதானே.”

“ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“வாய்க்கால் தண்ணி விசயமா ஒருக்கா ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனனான். காலமை எட்டு மணிக்குப் போய் வாசல்ல நிண்டன். சைக்கிளை வெளியில விடு எண்டான் காவல்காரன். மத்தியானம் ஒரு வெள்ளை ஜீப்பு வந்தது. ஆர் எண்டு கேக்கேல்லை, எவர் எண்டு கேக்கேல்லை, ஓடிப்போய் கேற்றைத் திறந்தான். அவன் மட்டுமே? வாசல் வாங்கில குந்தியிருந்த நாங்களும் எல்லாரும் எழும்பிட்டம் விமலா. நானும் எழும்பினனான். வீட்ட வரும்வரைக்கும் எனக்கு அது மனதில கிடந்து உழண்டது, நான் ஏன் எழும்பினனான் எண்டு.”

நாற்பது வருடத்தில் இந்த மனுசன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. திட்டவேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் போய் இருக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய முதல் அளம்பில் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்டது.

மீன் லொறி.

நரைத்த தாடியோடு ஒரு மனுசன் தலையை வெளியே நீட்டினார். பெயர் சுமன் என்று பிறகு தெரிந்தது. கொக்கிளாய்க் கரைக்கு ஐஸ் இறக்கப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகாததால் லொறி ஆறுதலாக வந்தது.

“ஓராளுக்குத்தான் இடம் இருக்குது. முன்னுக்கு மற்ற ஆசனம் முழுக்க வலை.”

“நீ போ,” என்றார் பரமலிங்கத்தார். “இதை விட்டிட்டு வந்தா பற்றரியைக் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள். நான் காவல் நிக்கிறன்.”

“தனியவோ?”

“என்ன, வீட்டில மட்டும் கூட்டத்துக்குள்ளயோ இருக்கிறன்? நீ போ. பேத்தியைத் தூக்கு.”

லொறி பாலத்துக்குத் திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய வெள்ளை வாகனம், அதன் படியில் கைகளை முழங்காலில் வைத்தபடி ஒரு மெலிந்த மனுசன். அவர் கை காட்டவில்லை.

ஆசனம் ஈரமாக இருந்தது. பட்டுச்சேலையில் மீன் தண்ணீர் ஊறியது. சுமன் கண்ணாடியில் ஜீப்பை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“நல்ல வாகனம் அக்கா. இப்ப எல்லாருக்கும் உதுதான் வேணும், எண்ணெய் விக்கிற விலைக்கு. உந்தப் பழக்கத்தை ஆர் தொடக்கிவிட்டதோ தெரியேல்லை.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் விமலேஸ்வரி.

“ஆர்?”

“வாசல்ல நிண்டு கேக்கிறவை.”

சுமனுக்கு அது விளங்கவில்லை. விளங்காத கதையில் தலையைப் போடாத மனுசன் அவர். கொக்குத்தொடுவாய் வரும்வரை றேடியோவைப் போட்டுவிட்டார்.

கொக்கிளாயில் மாதா கோயில் வாசலில் லொறி நின்றபோது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியாயிற்று. அதைப் பார்க்க விமலேஸ்வரிக்குக் கிடைக்கவில்லை. லொறியிலிருந்து கால் எட்டாமல் தடுமாறி இறங்கினாள். சேலைக்கரையைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது, பத்தடி தூரத்தில் மகள் நின்றாள். மெலிந்திருந்தாள். கையில் வெள்ளைச் சட்டையோடு குழந்தை.

நாலு வருடம். சிவதர்சினியின் கண் லொறிக்குப் போய், தாயின் நனைந்த சேலைக்கு வந்தது.

“என்னத்தில வந்தனீங்கள் அம்மா?”

பழி வாங்கக் கேட்டாளா, வாய்ப்பழக்கத்தில் கேட்டாளா, எழுதுகிற எனக்கே தெரியாது.

“மீன் லொறியில பிள்ளை.”

யாரும் சிரிக்கவில்லை. சிவதர்சினி ஓரடி முன்னுக்கு வைத்தாள். அடுத்த கணம் அவள் தாயின் தோளில் இருந்தாள், நடுவில் குழந்தை நசுங்க.

“அதிலயோ ஏறி வந்தனீங்கள்? எனக்காகவோ அம்மா? வேணுமெண்டு அதிலயோ வந்தனீங்கள்?”

இல்லை என்று சொல்லவேண்டிய இடம் இதுதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாலு வருடமாகக் காத்திருந்த கை மகளின் முதுகில் கிடந்தது. குழந்தையின் மூச்சு கழுத்தில் பட்டது.

“ஓம்,” என்றாள் விமலேஸ்வரி.

குழந்தை அவள் கைக்கு வந்தது. நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டு, அறிமுகமான ஆளைப் போலப் பார்த்தது. விமலேஸ்வரி விம்மி விம்மி அழுதாள். வந்திருந்தவர்கள், பாவம் பேத்தியைக் கண்ட சந்தோசம் என்றார்கள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. கை நிறையக் குழந்தை என்பதால், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டிருந்த டினோஜன்தான் எடுத்துப் பார்த்தான்.

“மாமாதான்.” காதில் வைத்தான். “ஓம் மாமா... ஓம், வந்திட்டா... எங்க?... என்னது?”

பேசிக்கொண்டே சனத்தை விட்டு ஒதுங்கினான். திரும்பி வந்தபோது மனைவியைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தான். கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“மாமா வழியில நிக்கிறாராம். போய்க் கூட்டிக்கொண்டு வாறன்,” என்று சிவதர்சினிக்குச் சொன்னான். பிறகு சுமனின் லொறியடிக்குப் போய் ஒரு கான் டீசலை வாங்கினான். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற சாட்டில் விமலேஸ்வரிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“மாமி, பயப்பிடாதேங்கோ. அளம்பிலில எங்கட ஆக்கள் இருக்கினம். ஜீப்பை அங்க விட்டிட்டு மாமாவை இதில ஏத்திக்கொண்டு வாறன். அவளுக்குத் தெரிய வராது.”

அண்டைக்கு வீடே சிரிக்கச் சிரிக்க நின்ற அதே பெடியன். விமலேஸ்வரிக்கு அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பொய் தன்பாட்டில் நிற்கும். அவன் பார்த்துக்கொள்வான்.

புனிதத்தின் வீடு கோயிலுக்குப் பக்கத்தில். முற்றத்தில் பந்தல் போட்டுப் பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். குழந்தையோடு ஒன்றில் இருக்கப் போனவளைச் சிவதர்சினி மறித்தாள்.

“அதில இல்லை அம்மா. நில்லுங்கோ.”

உள்ளே ஓடிப்போய் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டிலிருந்த ஒரேயொரு மெத்தைக் கதிரை. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

“மீன் லொறியில வந்த ஆளுக்கு இதுதான்,” என்று சிரித்தாள். கண்ணில் இன்னும் தண்ணீர். “இருங்கோ அம்மா.”

விமலேஸ்வரி கதிரையைப் பார்த்தாள். கால் வலித்தது. ஆனால் இருக்க முடியவில்லை.

“பிள்ளை, நான் இருக்க முதல் ஒண்டு சொல்லவேணும்.”

“சாப்பிட்டுப்போட்டுச் சொல்லுங்கோவன்.”

“இல்லை. இப்பவே சொல்லவேணும். லொறியிலதான் வந்தனான், அது உண்மை. ஆனா வீட்டிலயிருந்து வெளிக்கிட்டது அதில இல்லை.”

கதிரையின் முதுகைப் பிடித்திருந்த சிவதர்சினியின் கை அப்படியே நின்றது.

“அப்ப என்னத்தில?”

விமலேஸ்வரி குழந்தையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். சொல்லிமுடித்த பிறகு மகள் கையை நீட்டினால் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும்.